காப்புக் கிழங்கு

வானம் பளிச்சென்று இருந்த ஒரு மார்ச் காலையில் லவ்டே ட்ரெகியர் தன் தோட்டத்தில் குடையை விரித்தாள். விரித்த கையோடு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். போல்கரிக் ஊரில் மழையில்லாத நாளில், கிழங்கிலிருந்து பூக்கும் டாஃபடில் செடிவரிசைக்கு மேல் ஒருத்தி குடை பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெயிலில் பார்த்தால் எல்லா இலையும் ஒரே பச்சை. நிழலில் பார்த்தால்தான் கோடு தெரியும்.

தெரிந்தது. இலையின் பச்சைக்குள் வெளிறிய மஞ்சள் கீற்றுகள் அடியிலிருந்து நுனி நோக்கி ஓடின. கண்ணை நம்பாமல் கட்டைவிரலால் இலையை நீவினாள். பூனை நாக்கைப் போல் சொரசொரத்தது. வரிசையின் விளிம்பில் நின்ற செடிக்குத்தான் ரொம்ப மோசம். அதற்குப் பக்கத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். 

அரசாங்கத்து ஆட்கள் அதை வைரஸ் என்பார்கள். ஊரில் 'கோடு' என்றால் போதும், பேச்சு நின்றுவிடும். கோட்டுக்கு மருந்து கிடையாது. கோடு விழுந்த கிழங்கு சட்டென்று செத்துத் தொலையவும் செய்யாது. வருஷத்துக்கு வருஷம் மெலியும், பூவில் திட்டுத் திட்டாய்க் கறை விழும், அசுவினிப் பூச்சி அதன் சாற்றை உறிஞ்சிக்கொண்டு போய் அடுத்த செடிக்கும் அதற்கடுத்த தோட்டத்துக்கும் ஊட்டிவிடும். கண்டதும் தோண்டி எரிக்க வேண்டும், வேறு வழியில்லை.

எரிப்பதற்கு அது என்ன சந்தையில் வாங்கிய மூட்டைக் கிழங்கா? லவ்டே தன் கையால் மகரந்தம் தடவி, விதை விதைத்து, முதல் பூவுக்கு ஐந்து வருஷம் தவம் கிடந்து, பிறகு ஒரு கிழங்கை ஒரு சிறு வரிசையாகப் பெருக்கியது. வெள்ளை இதழ், நடுவில் சிவப்புக் கிண்ணம். அப்படிப் பூ ஊரில் நிறைய உண்டு. ஆனால் அவற்றின் சிவப்பெல்லாம் மூன்று நாள் வெயிலில் வெளுத்து, கழுவிப்போட்ட துணியாகிவிடும். இது வெளுக்காது. வாரக்கணக்கில் வெயிலில் நின்றாலும் வேகவைத்த நண்டின் ஓடு மாதிரி அப்படியே நிற்கும். உலகத்திலேயே அந்தப் பூ இந்த ஒரு வரிசையில்தான் இருந்தது. வரிசை போனால் பூ போயிற்று.

ஊர் அப்படி நினைக்கவில்லை. ஊரைப் பொறுத்தவரை, பக்கத்துத் தோட்டத்து ஜேபஸ் ஆங்வினிடம் காப்புக் கிழங்கு இருந்தது.

அது அங்கே பழைய வழக்கம். புதுப் பூ ஒன்றை உண்டாக்கியவர், தன் தோட்டத்துக்கு எது வந்தாலும் பூ பிழைத்திருக்க வேண்டும் என்று, வேறு மண்ணில் வைத்து வளர்க்க இன்னொருவரிடம் ஒரு கிழங்கைக் கொடுத்துவைப்பார். வாங்கியவர் அதைக் கண்காட்சியில் வைக்கக் கூடாது, விற்கக் கூடாது, பேர் வைக்கக் கூடாது. கேட்கும்போது திருப்பித் தர வேண்டும். மூன்று வருஷத்துக்கு முந்தைய கோடையில் லவ்டேவும் தேவாலயக் கூடத்தில் டாஃபடில் சங்கத்தார் அத்தனை பேர் முன்னாலும் ஒரு காகிதப் பையை ஜேபஸிடம் கொடுத்துக் கைகுலுக்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

பைக்குள் இருந்தது வேறு கிழங்கு.

லவ்டே அப்படிப்பட்ட பிறவி. பால்காரன் ஊற்றிவிட்டுப் போன பாலைத் திரும்ப அளந்து பார்ப்பாள். போதகர் ஆசீர்வாதம் சொன்னால் யாரை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று யோசிப்பாள். கல்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜேபஸ், ஊரிலேயே கைராசிக்காரன் என்று பேர் எடுத்தவன், தன் பூவைத் தன் பேரில் பதிந்துகொள்ள மாட்டான் என்று என்ன நிச்சயம்? ஆகவே அதே விதைக்காயில் பிறந்த தங்கை ஒன்றை எடுத்துப் பையில் போட்டாள். கிழங்கைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பூத்தாலும் முதல் இரண்டு நாள் தெரியாது. மூன்றாம் நாள் வெயிலில்தான் வெளுக்கும். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அன்றைக்கு அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குஷிகூட.

அந்தச் சாமர்த்தியத்தால் இப்போது காப்பு என்று எங்கும் ஒன்றும் இல்லை. குடையை மடக்கப் போனாள். அதற்குள் சந்தில் சைக்கிள் மணி அடித்தது. ஹெஸ்டர் பென்னா. தபாலாபீஸ் அவள்தான், டாஃபடில் சங்கத்துச் செயலாளரும் அவள்தான். அவள் காதில் விழுந்தது தந்தியைவிட வேகமாகப் போகும்.

"என்ன லவ்டே, வெயிலுக்கா குடை?"

"தலைவலி. வெயில் ஒத்துக்கல."

"தலை இங்க இருக்கு. குடை அங்கல்ல இருக்கு?" என்று ஹெஸ்டர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேலி தாண்டி வந்தாள். குனிந்து பார்த்தாள். கேலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ஐயோ, என் கண்ணே. எல்லாத்துக்குமா?"

"விளிம்புல இருக்கறதுக்குத்தான் ரொம்ப."

"ஒன்னுக்கு வந்தா எல்லாத்துக்கும்தான். உனக்குத் தெரியாததா?" ஹெஸ்டர் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "அழாத. நல்லவேளை, ஜேபஸ்கிட்ட காப்பு இருக்கு. இதுக்குத்தான இந்த வழக்கத்தையே வச்சாங்க? நாளைக்கு இதத் தோண்டி எரிச்சிரலாம். நானே அவன்கிட்ட சொல்லிடறேன்."

லவ்டே குடையை மடக்கினாள். "சரி," என்றாள்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. கோடு எப்படி வந்தது? விதையோடு கோடு வராது, சுத்தமாகத்தான் பிறந்தது. அப்படியானால் யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். யாரோ என்ன யாரோ! அந்த ஊரில் இன்னொருவர் வரிசைக்குள் கத்தியோடு யாரும் கால் வைக்க மாட்டார்கள், ஒரு பூவின் சாறு அடுத்ததற்கு ஒட்டிவிடும் என்று பூவைக் கையால்தான் ஒடிப்பார்கள். ஆனால் ஜேபஸின் இடுப்பில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி தொங்கும். ஏன் தொங்க வேண்டும்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்து குடைந்தது. போன வசந்தத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கலையும்போது, ஜேபஸ் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே அவளிடம் வந்து சொன்னான்: "உன் பூ வெயிலுக்கு அசையவே இல்ல, பொண்ணே. வாரம் பூரா சன்னல்ல வச்சேன். அப்படியே நிக்குது." அறுபதைத் தொடப்போகிறவள் என்றாலும் அந்தப் பக்கத்து ஆண்களுக்கு எல்லாப் பெண்ணும் பொண்ணுதான். அவள் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. அவனிடம் கொடுத்தது மூன்றாம் நாளே வெளுக்கிற சரக்கு. அது எப்படி அசையாமல் நிற்கும்? ஒன்று, பார்க்காமலே முகஸ்துதிக்குச் சொல்கிறான். இல்லை, குட்டு தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டு ஊசி குத்துகிறான்.

அதே வசந்தத்தில் அவளுடைய வரிசையின் விளிம்பில் நின்ற ஒரு பூ மட்டும் வெயிலில் வெளுத்துப்போனது வேறு. தன் பூவையே சந்தேகப்பட்டு, யாரும் பார்ப்பதற்குள் அதைக் கிள்ளிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இலையைப் பார்க்க அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலை ஜேபஸ் மண்வெட்டியும் மண்ணெண்ணெய்க் குப்பியுமாக வந்துவிட்டான். கூடவே ஹெஸ்டர். ஜேபஸுக்கு நெடிய உடம்பு, காது இரண்டும் காற்றுக்கு விரித்த பாய் மாதிரி இருக்கும். வழக்கமாக வரும்போதே எதையாவது சொல்லிச் சீண்டுவான். அன்று நேரே விளிம்புச் செடிக்குப் போய் அதைத்தான் முதலில் தோண்டினான். தோண்டி, கையில் வைத்துக்கொண்டு, தேவைக்கு மேல் நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். லவ்டே ஒரு கண்ணை அவன்மேலேயே வைத்திருந்தாள்.

"ஏன் அத முதல்ல எடுத்தே?"

"அதான் ரொம்ப மோசம்."

"நான் சொல்லவே இல்லையே."

"குருடனுக்கும் தெரியும், லவ்டே."

ஒரே ஒரு கிழங்கை மேலங்கிக்குள் சொருகிவிடலாமா என்று அவளுக்குக் கை பரபரத்தது. ஹெஸ்டரின் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. தூவினாலும் என்ன? கோடு விழுந்த கிழங்கை ஒளித்துவைத்து என்ன செய்வது? எல்லாம் நெருப்புக்குள் போனது. மொட்டு விரியாத காம்புகள் தீயில் சுருண்டன. லவ்டேவின் கன்னம் நனைந்தது. புகை என்றாள். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"நாளைக்கே போய்க் காப்பப் பாத்துட்டு வா. மனசு ஆறும்," என்றாள் ஹெஸ்டர்.

"வா பொண்ணே. டீ போட்டு வைக்கிறேன்," என்றான் ஜேபஸ். அவன் குரல் கம்மியிருந்தது. சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் கம்மும் என்று லவ்டே முடிவு கட்டினாள்.

போவதற்கு முன் அவள் தயாராகிக்கொண்டாள். அவன் சட்டியைக் கொண்டுவந்து வைப்பான். அதில் இருப்பது வெளுக்கிற பூ. அவன் இளித்துக்கொண்டு, 'நீ குடுத்தது இதுதானே?' என்பான். அவன் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டு கத்த வேண்டும்: நான் கொடுத்தது இது இல்லை, நீதான் மாற்றிவிட்டாய்! சங்கத்தில் யாரை நம்புவார்கள்? பூவைப் பறிகொடுத்து நிற்பவளைத்தான் நம்புவார்கள். ஜேபஸின் பேர் கெட்டுப்போகும். கெடட்டும். பூ போன வயிற்றெரிச்சலில் அவளுக்கு அதுகூட நியாயமாகப் பட்டது. சந்து நெடுக அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜேபஸின் சமையலறையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் குங்குமப்பூ ரொட்டி வெட்டி வைத்திருந்தான். தெற்குச் சன்னலில், முழு வெயிலில், கொசுவலைத் துணி மூடிய இரண்டு சட்டிகள். அவன் துணியை விலக்கினான். ஒன்றில் வெறும் இலை. இன்னொன்றில் பூ.

லவ்டேவின் வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"என்னிக்கு விரிஞ்சது?"

"போன ஞாயித்துக்கெழம."

வாரம் முழுக்க வெயில் அடித்திருந்தது. சிவப்பு ஒரு துளி இறங்கவில்லை. இதழின் அகலம், கிண்ணத்தின் விளிம்பில் மூன்று சுருக்கம், கழுத்தின் லேசான குனிவு எல்லாம் அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? அவளுடைய பூ. எரிந்துபோகாத பூ. சந்தோஷத்தில் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அது அடங்குவதற்குள் அவன் கழுத்தை நெரிக்கத் தோன்றியது.

"இது உனக்கு எப்படி வந்துச்சு?"

ஜேபஸ் டீக்கோப்பையைக் கீழே வைத்தான். "நீ எனக்கு என்ன குடுத்தே? அத முதல்ல சொல்லு."

லவ்டே ரொட்டித் தட்டை ஒரு விரற்கடை தள்ளி வைத்தாள்.

"தங்கச்சிய," என்றாள் லவ்டே கடைசியில்.

"நெனச்சேன். முதல் வசந்தத்துலயே இந்தச் சன்னல்லதான் வச்சேன். மூணாம் நாள் வெளுத்துப்போச்சு. எனக்குச் சோறு தண்ணி எறங்கல, தெரியுமா? அத்தனை பேர் முன்னாடி கைகுலுக்கிக் குடுத்தியே, லவ்டே."

"உன் பேர வச்சிருவேன்னு பயந்தேன்."

"என் பேரா? ஜேபஸ்னு ஒரு பூவா? காசு குடுத்து எவனாச்சும் வாங்குவானா?"

வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

அவன் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதே வருஷம் ஜூனில், ராணிக்கு முடிசூட்டிய அன்று மழை கொட்டியது, ஊரே தேவாலயக் கூடத்தில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அவன் வேலி ஏறினான். அவள் வரிசையின் விளிம்பில் ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்துக்கொண்டு, அவள் கொடுத்திருந்ததை அந்தக் குழியிலேயே நட்டு மண்ணைத் தட்டிவிட்டு வந்தான்.

"திருடல. மாத்திக்கிட்டேன். சபை முன்னாடி எனக்குன்னு சொன்னது எனக்கு வந்துச்சு. உன்னோடது உனக்கே வந்துச்சு."

போன வசந்தத்தில் விளிம்பில் வெளுத்த பூ எது என்று லவ்டேவுக்கு விளங்கியது. அதற்குப் பின்னாலேயே அடுத்ததும் விளங்கியது. 

"அந்தத் தங்கச்சிய நீ எங்க வச்சிருந்தே? என் குழிக்கு வர்றதுக்கு முன்னாடி?"

ஜேபஸ் கெட்டிலை இறக்கி வைக்க எழுந்தான்.

"எங்க வச்சிருந்தே, ஜேபஸ்?"

"வெளுத்ததும் கோவத்துல கொண்டுபோய் என் பழைய வரிசைக்குப் பக்கத்துல நட்டேன். அந்த வரிசைல கோடு இருக்கும்னு அப்ப தெரியாது, சத்தியமா. அடுத்த மார்ச்லதான் தெரிஞ்சுது. வரிசையவே எரிச்சிட்டேன்."

"போன மார்ச்."

"போன மார்ச்."

"ஒரு வருஷம் வாயத் தொறக்காம இருந்தியா? அப்பவே சொல்லியிருந்தா அந்த ஒரு செடியப் புடுங்கியிருப்பேன். ஒன்னே ஒன்னு! மிச்சமாச்சும் தப்பிச்சிருக்கும்!" அவள் மேசையில் அறைந்ததில் ரொட்டித் தட்டு குதித்தது.

"தெரியும்."

"தெரியுமாம்! தெரிஞ்சு என்ன கிழிச்சே?"

"சொன்னா வேலி ஏறுனதயும் சொல்லணும். இன்னிக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு பாத்தேன். உன் மூஞ்சியப் பாத்தா வரல." அவன் கண் கலங்கியிருந்தது. நேற்று குரல் கம்மியதும் இதனால்தான் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

நீ ஒழுங்கானதைக் கொடுத்திருந்தால் நான் வேலியே ஏறியிருக்க மாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள்தான் அதைச் சொல்லிக்கொண்டாள். கோடு கத்தியில் வரவில்லை. அவள் வீட்டிலிருந்து காகிதப் பையில் கிளம்பிப்போய், இங்கே நோய் வாங்கிக்கொண்டு, மழையில் வேலி ஏறித் திரும்பி வந்திருக்கிறது. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"சரி," என்றான் ஜேபஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு. "போன கோடையில இது ஒரு குட்டி போட்டுச்சு. பெருசு குளிர்காலம் பூரா இங்கயே, வலைக்குள்ளயே இருந்துச்சு. சின்னதத் தோட்டத்துல வச்சிருந்தேன், நேத்துதான் உள்ள எடுத்தேன். ஒன்னு உனக்கு, ஒன்னு எனக்கு, அதான வழக்கம்? நான் எடுத்துக் குடுத்தா நீ நம்ப மாட்டே. நீயே எடுத்துக்க."

சொல்லிவிட்டு, கண்ணாமூச்சி ஆடுகிற பையனைப் போல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி நிற்பதைப் பார்க்க ஒரு பக்கம் சிரிப்பாகவும் ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

லவ்டே சன்னலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தன் நிழலைச் சட்டிகளின்மேல் விழவிட்டாள். பழக்கம், விடுமா? பூத்ததின் இலையைக் கட்டைவிரலால் நீவினாள். அடியிலிருந்து நுனிவரை வெண்ணெயாய் வழுக்கியது. குட்டியின் இலையை நீவினாள். அடியில் விரல் தட்டியது. மறுபடி நீவினாள். மறுபடி தட்டியது. கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். நூல் நூலாக மஞ்சள், இப்போதுதான் இறங்க ஆரம்பித்திருக்கிறது. ஜேபஸுக்குப் பாட்டுப்புத்தகம் படிக்கவே கண்ணாடி வேண்டும். அவன் இதைப் பார்த்திருக்க வழியில்லை.

ஆக, உலகத்தில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அது அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பூத்ததைத் தூக்கிக்கொண்டு போனால் கேட்பார் கிடையாது. குட்டி அவனுக்கு. அடுத்த மார்ச்சில் தானே தெரிந்துகொள்வான். ஒரு வருஷம் வாயை மூடியிருந்தவனுக்கு அது தகும்.

அவள் கை பூத்த சட்டிவரை போயிற்று. போன கை அங்கேயே நின்றது. மறுபடியும் இவனுக்கு ஆகாததைக் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறாய் என்று உள்ளே ஒன்று சொன்னது. அவள் சொந்த மண்ணோ நாறிக் கிடந்தது. எரித்த இடத்தில் இதைக் கொண்டுபோய் வைத்து என்ன செய்வாள்? அதெல்லாம் சாக்குத்தான். அவனுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு, அவ்வளவுதான்.

குட்டி இருந்த சட்டியை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"எடுத்தாச்சு."

ஜேபஸ் திரும்பினான். சன்னலைப் பார்த்தான், அவள் கோட்டைப் பார்த்தான். புருவம் இரண்டும் மேலே ஏறின. "ஏன் அத எடுத்தே?"

"புடிச்சிருந்துச்சு."

"பூத்தது இங்கல்ல இருக்கு?"

"எனக்குக் கண்ணு தெரியுது. என் மண்ணு கெட்டுப்போச்சு. அது உன்கிட்டயே இருக்கட்டும். சன்னலத் தொறக்காத, வலைய எடுக்காத, அசுவினி ஒன்னு அண்டக் கூடாது."

"இதுல என்ன கோளாறு பாத்தே?"

"ஒரு கோளாறும் இல்ல."

"லவ்டே, உன்ன எனக்குத் தெரியும். பூத்தத விட்டுட்டு இலைய எடுத்துட்டுப் போற ஆளா நீ? என்னமோ இருக்கு."

"இந்தத் தடவ நல்லதத்தான் குடுத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

கோட்டுக்குள் சட்டி கனத்தது. வழியில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தவள், சந்து திரும்பும் இடத்தில் நின்று பின்னால் பார்த்தாள். ஜேபஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சன்னலில் நின்றான். சட்டியைத் தன் நிழலுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலையாகக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தான். நீவி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

தேடட்டும் என்று விட்டுவிட்டு, லவ்டே, குட்டியை எரிக்கத் தன் வீட்டு மண்ணெண்ணெய்க் குப்பியை எங்கே வைத்தோம் என்று யோசித்தபடி வீட்டைப் பார்த்து நடந்தாள்.